கட்டுமரமும் கணினி உருவமும்: மெய்நிகர் உலகப் பொருளாக்கத்தில் மென்பொருள் தேர்வு – வைத்திக்குப்பத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மெய்நிகர் உலகங்களில் இடம்பெறும் பொருள்களை எந்த முப்பரிமாண மென்பொருளைக் கொண்டு உருவாக்குவது என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் விலை, வேகம், கற்கும் எளிமை ஆகியவற்றை வைத்தே விடை கூறப்படுகிறது. ஒவ்வொரு மென்பொருளும் ‘பொருள் என்பது யாது’ என்பதற்கு ஒரு முன்முடிவைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அம்முடிவு உருவாக்கப்படும் பொருளின் இயல்போடு பொருந்தாதபோது பொருளின் சாரம் இழக்கப்படுகிறது. இதனைப் புதுச்சேரி நகரின் மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பத்தின் கட்டுமரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் உலகம், முப்பரிமாண உருவாக்கம், கட்டுமரம், வைத்திக்குப்பம், வினைத்தொகை, எண்ணிம ஆவணமாக்கம்

முன்னுரை

புதுச்சேரி நகரின் வடக்குக் கடற்கரையில் குருசுக்குப்பத்தை அடுத்து அமைந்துள்ளது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று புதுச்சேரியிலிருந்தும் சுற்றுப்புற விழுப்புரம் பகுதியிலிருந்தும் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கரை என்பதனால் இவ்வூர்ப் பெயர் பரவலாக அறியப்பட்டது. ஆண்டின் ஏனைய நாள்களில் இது மீனவர் வாழிடம். சோழமண்டலக் கரையின் பிற குப்பங்களைப் போலவே இங்கும் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பெரும்பாலும் பிடித்துவிட்டது. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகள் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின.

கரையில் அருகிவரும் ஒரு பொருளை மெய்நிகர் உலகில் மீண்டும் உருவாக்கும் முயற்சி இன்று எளிதாகியுள்ளது. அருங்காட்சியகங்களும் கல்வி நிறுவனங்களும் விளையாட்டு நிறுவனங்களும் இதில் ஈடுபடுகின்றன. ஆயினும் அவ்வுருவம் எதைக் காத்து எதைக் கைவிடுகிறது என்னும் வினா தமிழ்ச் சூழலில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. கட்டுமரத்தைக் கட்டும் அறிவு உடையோர் முதுமை எய்திவரும் நிலையில், இன்று உருவாக்கப்படும் எண்ணிம வடிவமே நாளைய ஆய்வாளருக்குக் கிடைக்கும் சான்றாக எஞ்சக்கூடும். எனவே மென்பொருள் தேர்வு ஆவணவியல் சார்ந்த ஒரு முடிவாகவும் கருதத்தக்கது.

கட்டுமரம் என்னும் வினைத்தொகை

‘கட்டுமரம்’ என்னும் சொல் ஒரு வினைத்தொகை. ‘குடிநீர்’ என்பதில் குடித்த, குடிக்கின்ற, குடிக்கும் என முக்காலமும் தொக்கு நிற்பதுபோல, இச்சொல்லிலும் கட்டிய, கட்டுகின்ற, கட்டும் என்னும் முக்காலமும் தொக்கு நிற்கின்றன. இவ்விலக்கணக் குறிப்பு பொருளின் இயல்பையும் சரியாகவே சுட்டுகிறது. இலேசான மரத் துண்டுகளைச் செதுக்கி, அருகருகே வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் பிணைப்பதே கட்டுமரம். கடலில் ஊறிய மரம் எடை கூடும். ஆகவே கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தி, அடுத்த முறை கடலுக்குச் செல்லும்போது மீண்டும் கட்டுவது வழக்கம். அதாவது, கட்டுமரம் என்பது ஒருமுறை முடிந்துபோன பொருள் அன்று. மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படும் ஒரு செயல்.

இதன் அமைப்பில் மேலும் இரு கூறுகள் கவனத்திற்குரியவை. முதலாவது, மரங்களுக்கு இடையிலான இடைவெளி. அலை மேலேறினால் நீர் அவ்விடைவெளி வழியே வடிந்துவிடும். நீர் தேங்கி மூழ்குவதற்கு உட்குழி இல்லை. இரண்டாவது, கட்டின் நெகிழ்வு. கரையோர அலைமோதலில் மரங்கள் ஒன்றையொன்று சற்றே உரசி அசைந்து கொடுப்பதால் அதிர்ச்சி தாங்கப்படுகிறது. இக்கரையின் மற்றொரு கலமான மசூலாப் படகும் இதே அறிவைப் பயன்படுத்தியது. ஆணி இன்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்ட அப்படகைப் புதுச்சேரியில் ‘சலங்கு’ என்றனர். நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிச் சென்ற இக்கலத்தை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் அறியும்.

ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்கள் குறித்து 1920இல் வெளியிட்ட ஆய்வு, கட்டுமர வகைகளை வட்டாரவாரியாகப் பிரித்துக் காட்டியது. மரங்களின் எண்ணிக்கை, பிணைக்கும் முறை ஆகியவை அப்பகுப்பிற்கு அடிப்படைகளாக அமைந்தன. ஆகவே கட்டும் முறையை இழந்த ஓர் உருவம், தான் எந்த வட்டாரத்துக் கட்டுமரம் என்பதைச் சொல்லும் ஆற்றலையும் இழந்துவிடுகிறது.

பொருளைப் பரப்பாகக் காணும் மென்பொருள்கள்

மெய்நிகர் உலகப் பொருளாக்கத்தில் மிகுதியாகப் பயன்படுபவை ‘மெஷ்’ முறை மென்பொருள்கள். புள்ளிகளை இணைத்து முக்கோணங்களாலும் நாற்கோணங்களாலும் ஆன ஒரு வலையைப் பொருளின் மேற்பரப்பாக அமைப்பது இம்முறை. வலையின் துளையை மீனவர் ‘கண்ணி’ என்பர். அச்சொல்லை இவ்வலையின் ஒவ்வொரு கோணத்திற்கும் பொருத்தமாகவே வழங்கலாம். பிளெண்டர், மாயா, த்ரீடிஎஸ் மேக்ஸ் ஆகியவை இவ்வகையின. இவற்றுள் பிளெண்டர் 2002ஆம் ஆண்டு பொதுமக்கள் அளித்த ஒரு இலட்சம் யூரோ நிதியால் மீட்கப்பட்டுக் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. விலையின்மையும் விரிந்த கற்றல் வளங்களும் மாணவரிடையே அதனை முதல் தேர்வாக்கியுள்ளன.

மெஷ் முறைக்குப் பொருள் என்பது ஒரு தோல். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டன்று. ஒளிபட்டால் எவ்வாறு தோன்றும் என்பதே அதன் வினா. இத்துறையில் நல்ல மெஷ்ஷுக்கு உரிய பண்புகளுள் ஒன்று, ஓட்டையின்றி முழுதும் மூடப்பட்டிருத்தல். இதனை ‘நீர்புகாத்தன்மை’ என்னும் பொருள்படும் சொல்லாலேயே அத்துறையினர் குறிப்பிடுகின்றனர். நீர் புகுந்து வெளியேறுவதையே தன் பாதுகாப்பாகக் கொண்ட ஒரு கலத்தை, நீர் புகாத ஒரே தோலாக்குவது இங்கு நிகழும் முதல் முரண்.

கண்ணாடியிழைப் படகை இதனோடு ஒப்பிடுவது தெளிவு தரும். அது அச்சில் வார்க்கப்படும் ஒரே ஓடு. நீர் புகாதிருப்பதே அதன் தகுதி. மெஷ் மென்பொருளின் பொருட்கோட்பாடு அப்படகோடு இயல்பாகவே பொருந்துகிறது. கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த அதே கோட்பாடு, மெய்நிகர் உலகில் கட்டுமரத்தின் உருவத்தையும் தன்வயமாக்கிக் கொள்கிறது எனலாம்.

ஒளிப்படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் பெறும் முறையும் இத்தோல் கோட்பாட்டினதே. மெஷ்ரூம் போன்ற கட்டற்ற மென்பொருள்கள், ஒரு பொருளைச் சுற்றி எடுத்த பல படங்களை ஒப்பிட்டு அதன் பரப்பைக் கணிக்கின்றன. செதுக்கிய மரத்தின் வாய்ச்சித் தடங்களையும் வெயிலில் வெடித்த பிளவுகளையும் இம்முறை போல வேறெதுவும் பதிவதில்லை. ஆனால் ஒளி படும் இடத்தை மட்டுமே அது அறியும். கயிறு மரத்தின் அடியில் எவ்வழி சென்று எவ்வாறு திரும்பி முடிச்சாகிறது என்பது அதன் பார்வைக்கு அப்பாற்பட்டது. ஈர மரத்தின் பளபளப்பும் கணிப்பைக் குழப்பும்.

முதலில் கைவிடப்படுவது கயிறே

மெய்நிகர் உலகம் நொடிதோறும் பலமுறை காட்சியை வரைய வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பொருளுக்கும் முக்கோண எண்ணிக்கையில் ஒரு வரம்பு விதிக்கப்படுகிறது. இவ்வரம்பில் கட்டுமரம் எவ்வாறு நடத்தப்படும் என்பதைக் கணக்கிட்டே காணலாம். எட்டுப் பக்கங்கள் கொண்ட உருளையாக ஒரு கயிற்றை அமைத்து, 4 மீட்டர் நீளத்தை 2 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பகுத்தால் 200 துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டிற்கு 16 முக்கோணங்கள் வீதம் மொத்தம் 3,200. செதுக்கிய மரம் ஒன்றைச் சில நூறு முக்கோணங்களில் ஏற்கத்தக்க அளவில் அமைத்துவிட முடியும். ஒரு கட்டிற்குரிய கயிறே எல்லா மரங்களையும் விட மிகுதியான இடத்தைக் கோருகிறது.

சிக்கனம் கருதும் உருவாக்குநர் கயிற்றை நீக்கி, மரத்தின் மீது கயிற்றின் படத்தை ஒட்டிவிடுவார். தொலைவிலிருந்து காண்போர்க்கு வேறுபாடு தெரியாது. பின்னர் மரங்களையும் ஒன்றாக இணைத்து ஒரே மெஷ்ஷாக்குவது வழக்கமான அடுத்த படி. மோதலைக் கணிக்கும் இயற்பியல் பொறிக்காக அதன்மேல் குழிவற்ற ஓர் எளிய உறை போர்த்தப்படும். மரங்களின் இடைவெளி அங்கும் மூடப்பட்டுவிடும். முடிவில் கிடைப்பது கட்டு இல்லாத மரம். ‘மரம்’ எஞ்சுகிறது, வினைத்தொகையின் வினை மறைகிறது.

இங்குப் பிளெண்டரைக் குறைகூறுவது நேர்மையாகாது. பகுதிகளைத் தனித்தனிப் பொருள்களாக வைத்துக்கொள்ளவும், மாற்றங்களைப் பின்னர்த் திருத்தத்தக்க அடுக்குகளாகச் சேமிக்கவும் அதில் வசதி உண்டு. கோப்பை வெளியேற்றும் கட்டத்தில் அவ்வடுக்குகளை நிலைப்படுத்திப் பகுதிகளை இணைத்துவிடும் பணிமுறையே இழப்பிற்குக் காரணம். குறை கருவியினும் பழக்கத்திலேயே மிகுதி.

பொருளைச் செயல்முறையாகக் காணும் மென்பொருள்கள்

பொறியியல் வரைவு மென்பொருள்கள் வேறொரு கோட்பாட்டைச் சார்ந்தவை. ஃப்ரீகேட் போன்றவற்றில் ஒரு பொருள், அதனை ஆக்கிய படிகளின் வரிசையாகச் சேமிக்கப்படுகிறது. முதலில் வரைந்த கோடு, அதற்குக் கொடுத்த அளவு, வெட்டியது, இணைத்தது யாவும் நினைவில் இருக்கும். ஓர் அளவை மாற்றினால் அதனைச் சார்ந்த படிகள் அனைத்தும் மாறும். 2002 முதல் வளர்ந்து 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிய ஃப்ரீகேட், பகுதிகளைப் பொருத்தும் தனிப் பணித்தளத்தையும் அப்பதிப்பிலேயே உள்ளடக்கியது.

தமிழ் மரபுக்கு இவ்வணுகுமுறை அயலானதன்று. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் பதிப்பித்த கப்பல் சாத்திரம், கலத்தை ஒரு படமாகக் காட்டுவதில்லை. மரம் தேர்தலையும் உறுப்புகளின் அளவையும் விதிகளாகவே கூறுகிறது. அளவு மாறினும் விகிதம் மாறாத ஒரு விதித்தொகுப்பு அது. முழமும் பாகமும் அளவுகோலாக இருந்த ஒரு தொழிலறிவை, எண்களின் உறவாகப் பதியும் மென்பொருள் ஓரளவு நெருங்க முடிகிறது.

ஆயினும் இதற்கும் எல்லைகள் உள. ஒன்று, இம்மென்பொருள்கள் ஆலைத் துல்லியத்திற்கென அமைந்தவை. கட்டுமரத்தில் எந்த இரு மரமும் முற்றிலும் ஒத்தவை அல்ல. மரத்தின் இயல்பான வளைவைத் தொழிலாளர் பயன்படுத்திக் கொள்வர். ஒரு பக்க மரத்தை வரைந்து அதனைக் கண்ணாடிப் பிம்பமாக மறுபக்கம் பிரதி செய்யும் வசதி, இல்லாத ஒரு சமச்சீரைக் கலத்தின் மீது ஏற்றிவிடுகிறது. இரண்டு, பொருத்தும் பணித்தளத்தில் உள்ள இணைப்பு வகைகள் இயந்திர உறுப்புகளுக்கு உரியவை. நிலையான இணைப்பு உண்டு. சுழலும் இணைப்பு உண்டு. இறுகப் பிடித்தும் சற்றே நெகிழும் கயிற்றுக் கட்டு என்னும் வகை இல்லை. நிலையான இணைப்பைத் தேர்ந்தால் நெகிழ்வு பொய்யாகிறது. நகரும் இணைப்பைத் தேர்ந்தால் கட்டே பொய்யாகிறது.

வளைகோட்டுக் கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட ரைனோ, படகு வடிவமைப்பாளரிடையே பெரிதும் பயன்படுகிறது. ஆனால் அது கருதும் படகு, முதுகெலும்பும் தொடர்ச்சியான உடற்கூடும் கொண்ட படகு. சலங்கின் வெளிவடிவை அது நன்கு காட்டும். கட்டுமரத்திற்கோ அவ்வாறு காட்டத்தக்க உடற்கூடு இல்லை.

இணைப்பை அவிழ்க்க இயலுமாறு வைத்த மெய்நிகர் உலகம்

2003இல் தொடங்கப்பெற்ற செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகின் வரலாறு இவ்விடத்தில் பயன்தருகிறது. அதன் தொடக்கக் காலத்தில் பொருள்கள் அவ்வுலகிற்குள்ளேயே செய்யப்பட்டன. பெட்டி, உருளை, கோளம் போன்ற அடிப்படை வடிவங்களை நீட்டியும் வெட்டியும் வளைத்தும் ஒன்றோடொன்று இணைத்துப் பயனர்கள் வீடும் மரக்கலமும் சமைத்தனர். இணைத்ததை மீண்டும் பிரிக்கும் கட்டளையும் இருந்தது. 2007இல் அதே முறையைப் பின்பற்றும் ஓப்பன்சிமுலேட்டர் என்னும் கட்டற்ற திட்டம் தோன்றியது. 2011இல் செகண்ட் லைஃப், வெளி மென்பொருள்களில் உருவாக்கிய மெஷ்ஷைக் கொலாடா கோப்பு வழியே ஏற்கத் தொடங்கியது.

தோற்ற அழகில் மெஷ் பெருமுன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அடிப்படை வடிவங்களால் ஆன பழைய பொருள்கள் முரடானவை. ஆனால் அம்முரட்டுப் பொருளை மற்றொரு பயனர் உரிமை பெற்றிருந்தால் அவிழ்த்துப் பார்த்து, எப்படிச் செய்யப்பட்டது எனக் கற்று, மீண்டும் இணைக்க முடிந்தது. வெளியிலிருந்து வந்த மெஷ் அவ்வாறு தன்னைத் திறந்து காட்டுவதில்லை. கட்டுமரம் கட்டுதல் கற்பிக்கப்பட்ட முறையும் அவிழ்த்துக் கட்டிக் காட்டுவதே ஆகும். அவ்வகையில் முரடான பழைய முறையே பொருளின் இயல்போடு கூடுதலாக ஒத்திருந்தது என்பது எண்ணத்தக்கது.

கோப்பும் பெயரும்

மென்பொருள் தேர்வில் காலமும் ஒரு காரணி. கூகுள் நிறுவனம் 2006இல் வாங்கிய ஸ்கெட்ச்அப், 2012இல் டிரிம்பிள் நிறுவனத்திற்குக் கைமாறியது. கணினியில் நிறுவத்தக்க அதன் இலவசப் பதிப்பின் வரிசை 2017உடன் நின்றது. மெய்நிகர் உலகங்களும் நிலையானவை அல்ல. 2018இல் தொடங்கிய மோசில்லா ஹப்ஸ் சேவையை அந்நிறுவனம் 2024 மே மாதத்தில் நிறுத்தியது. ஆகவே ஒரு நிறுவனத்தின் முடிவால் திறக்க இயலாது போகும் கோப்பு வகையை ஆவணத்திற்கு அடிப்படையாகக் கொள்ளுதல் தகாது. க்ரோனோஸ் குழுமம் 2017இல் வெளியிட்ட ஜிஎல்டிஎஃப் 2.0 வடிவம் 2022இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. பகுதிகளின் படிநிலையையும் பெயர்களையும் கூடுதல் குறிப்புகளையும் தாங்க வல்லது என்பதால், வெளியீட்டு வடிவமாக இது ஏற்புடையது.

பெயரிடுதலும் சிறிய செய்தியன்று. யூனிகோடு முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியுருவும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. பிளெண்டரின் நான்காம் வரிசைப் பதிப்புகள் வரை ஒரு பொருளின் பெயருக்கு 63 பைட்டுகளே இடம் இருந்தது. ‘கட்டுமரத்தின் நடுமரம்’ என்பது 61 பைட்டுகளில் அடங்கும். ‘கட்டுமரத்தின் பக்கமரம்’ என்பது 64 ஆகி வரம்பைக் கடக்கும். இத்தகைய இடர்ப்பாட்டால் உருவாக்குநர் உறுப்புகளுக்கு எண்ணோ ஆங்கிலச் சொல்லோ இட்டு நகர்ந்துவிடுவதுண்டு. மீனவர் வழக்கில் உள்ள உறுப்புப் பெயர்கள் அகராதிகளில் முழுமையாக இடம்பெறாத நிலையில், உருவத்தின் ஒவ்வொரு பகுதியும் தன் பெயரைத் தாங்கியிருப்பது சொல்லாய்வுக்கும் பயன்படும் ஆவணமாகும்.

கரையும் ஒரு பொருளே

கட்டுமரத்தை அவிழ்த்து உலர்த்த மணற்கரை வேண்டும். 1986 முதல் 1989 வரை கட்டப்பட்ட புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணல் ஓட்டத்தைத் தடுத்தமையால் அதன் வடபகுதிக் கரை அரிக்கப்பட்டது. கரையோரம் பாறைகள் கொட்டப்பட்டன. கட்டுமரத்தின் மறைவிற்குப் படகு மாற்றத்தோடு இதனையும் சேர்த்தே நோக்க வேண்டும். வைத்திக்குப்பத்தின் மெய்நிகர்க் கரையை அகன்ற மணற்பரப்பாக அமைப்பவர் எந்தக் காலத்துக் கரையை அமைக்கிறார் என்பதைக் கூறக் கடமைப்பட்டவர். எண்ணிமக் காட்சிப்படுத்தலுக்கான இலண்டன் சாசனம், சான்றின் அடிப்படையில் அமைந்தது எது, ஊகத்தால் நிரப்பப்பட்டது எது என்பதைப் பதிவு செய்யுமாறு வலியுறுத்துகிறது. அவ்விதி கலத்திற்கு மட்டுமன்றிக் கரைக்கும் பொருந்தும்.

நோக்கமே அளவுகோல் என்பதையும் மறுக்க இயலாது. மாசி மகத் தீர்த்தவாரியைக் காட்டும் ஒரு மெய்நிகர்க் காட்சியில் தொலைவில் தெரியும் கட்டுமரத்திற்கு நூறு முக்கோணங்களும் ஒரு படமும் போதும். அங்குக் கயிற்றை முழுமையாக அமைப்பது வீண். பின்னணிக்கென ஆக்கிய அவ்வுருவத்தையே பின்னர் ‘கட்டுமரத்தின் எண்ணிம ஆவணம்’ எனப் பெயரிட்டுச் சேமிப்பதே பிழை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கட்டுமரத்திற்கு ஒரே மென்பொருள் போதாது. ஒவ்வொரு மரத்தின் பரப்பையும் கட்டு அவிழ்த்த நிலையில் ஒளிப்பட முறையால் தனித்தனியே பதிதல், அவற்றை ஃப்ரீகேட் போன்ற படிவரிசை காக்கும் மென்பொருளில் அளவோடும் பெயரோடும் பொருத்துதல், பின்னர்ப் பிளெண்டர் வழியே மெய்நிகர் உலகிற்கு ஏற்ற இலேசான வடிவத்தைப் பெறுதல் என்னும் வரிசை பொருந்தும். இலேசான வடிவம் மூல ஆவணத்தின் நிழலாகவே கருதப்பட வேண்டும். மூலக் கோப்பும் உடன் காக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, எந்த மென்பொருளும் கட்டின் நெகிழ்வை முழுமையாகப் பதிவதில்லை. கட்டும் கைகளின் அசைவைக் காட்டும் காணொளியும், கட்டுபவரின் சொற்களும் உருவத்தோடு இணைக்கப்படாத வரை ஆவணம் முற்றுப்பெறாது. அவ்வறிவின் உரிமையாளர் மீனவரே என்பதால், அவர்தம் இசைவும் பெயரிடும் உரிமையும் இவ்விணைப்பின் பகுதியாதல் வேண்டும்.

மூன்றாவது, மென்பொருளைத் தேர்வதற்கு முன் பொருளைத் தேர்ந்து தெளிதல் இன்றியமையாதது. கட்டுமரத்தின் பெயரிலேயே அதன் ஆக்கமுறை கூறப்பட்டிருக்கிறது. மெய்நிகர் உலகில் அதனைத் தொடும் ஒரு மாணவர் கட்டை அவிழ்க்கவும், மரங்களைப் பிரிக்கவும், மீண்டும் கட்டவும் முடியுமாயின் அப்பெயர் அங்கும் பொருந்தும். முடியாதாயின் அது கட்டுமரம் போன்ற ஓர் உருவம் மட்டுமே.